வடக்கு ஜன்னல் அறைக்கு டிஷ் வைத்த மிட்சுயோ

ஜப்பானில் குரே துறைமுகத்துக்கு மேலே இருக்கும் மலைச்சரிவில் கார் போகாது, கைவண்டியும் போகாது. படிகள் மட்டும்தான். குளிர்சாதனப் பெட்டியோ துணி துவைக்கும் இயந்திரமோ, எதுவானாலும் யாரோ ஒருவர் முதுகில்தான் மேலே போக வேண்டும். அந்தப் படிகள் தொடங்கும் இடத்தில் இருந்தது இகேஜிரி மின்கடை. கடைக்காரர் சதாவோ என்றாலும், ஆன்டெனா மாட்டக் கூரை ஏறியவர் அவருடைய மனைவி மிட்சுயோதான்.

கல்யாணமான புதிதில் மிட்சுயோ கப்பல் கட்டும் தளத்து உணவுக்கூடத்தில் அறுநூறு பேருக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வயதில் எல்லாம் மாறிப்போனது. சதாவோவுக்குக் காதுக்குள் ஏதோ கோளாறு வந்து தலைசுற்றல் பிடித்துக்கொண்டது. "ஏணியில மூணாவது படி ஏறினா கடல் என் தலைக்கு மேல வருது மிட்சு" என்றார். கடையை மூடிவிடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த வாரத்திலேயே மிட்சுயோ கருவிகள் மாட்டும் அவருடைய இடுப்புப் பட்டையில் இரண்டு ஓட்டை கூடுதலாகப் போட்டுத் தன் இடுப்புக்கு இறுக்கிக்கொண்டார்.

முதலில் ஊர் நம்பவில்லை. "வீட்டுக்காரர் வரலையா?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்பார்கள்.

"வந்திருக்காரே! கீழே ஏணியைப் பிடிச்சுக்கிட்டு என்னைத் திட்டிக்கிட்டு இருக்காரே, கேக்கலையா?" என்று சொல்லிவிட்டு ஏறிவிடுவார்.

செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்த பிறகு மிட்சுயோவின் கை இன்னும் ஓங்கியது. அந்தச் செயற்கைக்கோள் தென்மேற்கு வானத்தில் ஒரே இடத்தில் நிற்கிறது. டிஷ்ஷுக்கும் அதற்கும் நடுவே ஒரு கிளை இருந்தால்கூடப் படம் கெட்டுவிடும். ஒரு அக்டோபரில் நாலைந்து வாடிக்கையாளர்கள் ஒரே புகாரோடு வந்தார்கள். மதியம் ஒன்றரை மணிவாக்கில் சில நிமிடம் படம் புள்ளி புள்ளியாகச் சிதறுகிறது என்றார்கள். மிட்சுயோ கூரையேறி வானத்தைப் பார்த்தார். சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தது. வேறு யாராக இருந்தாலும் "தானாச் சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். மிட்சுயோவுக்கோ அது வேறு மாதிரி பட்டது. அந்த நேரத்தில் எந்தச் சுவரில் வெயில் விழுகிறதோ அங்கிருந்து செயற்கைக்கோள் தெரியும், நிழல் விழுந்தால் தெரியாது. அவ்வளவுதானே!

அதிலிருந்து வருடாவருடம் அக்டோபர் முதல் வாரத்தில் மதியம் கடையைச் சாத்திவிட்டு, பேட்டை வரைபடத்தோடு படியேறினார். வெயில் விழும் சுவர், கூரை, பால்கனி எல்லாவற்றையும் சிவப்புப் பென்சிலால் குறித்தார். ஒரு நாளில் கால் மணி நேரம்தான் கிடைக்கும், அதுவும் மேகம் இல்லாவிட்டால். அப்படி ஒன்பது வருடத்தில் அந்தச் சரிவு முழுவதும் அவருடைய நோட்டுக்குள் வந்துவிட்டது.

2003 செப்டம்பரில் கினுயோ கடைக்கு வந்தார். மலைமேல் இருந்த சகாரா விடுதியில் தங்கிச் சமைப்பவர். கணவர் இல்லை. ஒரே மகன் யோஷிடோ டோக்கியோவில் சுமோ மல்யுத்த வீரன். இன்னும் சம்பளம் கிடைக்காத கீழ்ப்பிரிவில் இருந்தான். அந்தப் பிரிவின் ஆட்டங்கள் மதியமே முடிந்துவிடும். சாதாரண சேனலில் ஒளிபரப்பு தொடங்கும்போது அவன் குளித்துச் சாப்பிட்டிருப்பான். செயற்கைக்கோள் சேனலில் மட்டும்தான் ஒரு மணியிலிருந்து காட்டுவார்கள்.

"ஒண்ணுலேருந்து மூணு வரைக்கும் எனக்கு ஓய்வுதான் அக்கா. அவன் ஆடுறதும் அந்த நேரந்தான். ஆனா என் ரூம்ல ஒயரே கிடையாது" என்றார் கினுயோ.

"எந்த ரூம்?"

"அடுப்படிக்குப் பின்னால. மூணு பாய் விரிக்கிற அளவுதான்."

மிட்சுயோ நோட்டைப் புரட்டினார். "வடக்கு ஜன்னல். வெயிலே எட்டிப் பாக்காது."

கினுயோவின் முகம் விழுந்தது. உள்ளேயிருந்து சதாவோ குரல் கொடுத்தார்: "இல்லைன்னு சொல்லிட்டு விட மாட்டா, பயப்படாதீங்க. நோட்டைப் பார்த்துட்டு இனி என்னைத்தான் ஏணி தூக்கச் சொல்லுவா."

அப்படியேதான் ஆனது. அடுப்படிக் கூரைமேல் துணி காயப்போடும் மரமேடை ஒன்று இருந்தது. நோட்டில் அது சிவப்பாகவே இருந்தது. ஆனால் விடுதிக்காரி சகாரா அம்மாளிடம் அனுமதி வாங்க வேண்டுமே.

"சுவர்ல ஓட்டை போடக் கூடாது. தோட்டத்துப் பக்கத்திலேருந்து கண்ணுல படக் கூடாது. கடலைப் பாக்க வர்றவங்க இங்க வர்றாங்க. உன் இரும்புச் சட்டியைப் பாக்க இல்ல" என்றார் அந்த அம்மாள்.

"சட்டி புகைக்கூண்டுக்குப் பின்னால நிக்கும்மா. ஓட்டையும் இல்ல."

மேடையின் கைப்பிடியில் டிஷ்ஷை இறுக்கினார் மிட்சுயோ. சிக்னல் அளக்கும் மீட்டரின் கீச்சொலி உயரும்வரை விரல்நகம் அளவு நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். கேபிளை மழைத்தண்ணீர்க் குழாயோடு கட்டிக் கட்டிடத்தைச் சுற்றி வடக்குப் பக்கம் கொண்டுபோனார். ஜன்னலில் மட்டும் நாடாபோல் தட்டையான ஒரு கேபிள் துண்டைச் சொருகினார். அது சட்டத்தின் இடுக்கில் படிந்துகொள்ளும், ஜன்னலும் முழுதாக மூடும். ஒரு நாள் முழுக்க வேலை. சாயங்காலம் கினுயோவின் சின்னப் பெட்டியில் படம் பளிச்சென்று வந்தது.

நவம்பர் போட்டி தொடங்கியது. பதினைந்து நாளில் யோஷிடோவுக்கு ஏழு ஆட்டம். முதல் ஆட்டத்தன்று தூறல். படம் தெளிவு. அவன் ஜெயித்தான். இரண்டாவதன்றும் மேகமூட்டம். அவன் தோற்றாலும் படம் தெளிவாகத்தான் இருந்தது. மூன்றாவதன்று நல்ல வெயில். பெட்டியில் ஒன்றுமே இல்லை.

"மழையில வந்துச்சு அக்கா, வெயில்ல வரல!" என்று கினுயோ தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னார்.

"ஊர் உலகத்துல எல்லாருக்கும் படம் மழையிலதான் போகும். உன் வேலை மட்டும் வெயில்ல போகுது" என்றார் சதாவோ.

மிட்சுயோ சிரிக்கவில்லை. வேறு வேலைகளை முடித்துச் சாயங்காலம் போய்ப் பார்த்தால் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. இணைப்புகளைக் கழற்றிப் புதிதாக மாட்டினார். மறுநாளும் வெயில், மதியம் படம் இல்லை. மறுபடியும் சாயங்காலம் போனார், ஒரு குறையும் இல்லை.

நான்காவது ஆட்டத்தன்றும் வானம் நீலமாக இருந்தது. கையில் இருந்த வேலையைப் பாதியில் விட்டு, மீட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு இருநூற்றுப் பதினான்கு படியும் ஏறினார். மரமேடையில் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார். இலை சிவக்கும் பருவம். விடுதி நிரம்பியிருந்தது. விருந்தாளிகளின் மெத்தைகள் எல்லாம் கைப்பிடி நெடுகத் தொங்கின. டிஷ்ஷுக்கு நேர் எதிரே மூங்கில் கழியில் பெரிய பஞ்சு மெத்தை ஒன்று தடிமனாய்ப் போர்த்தியிருந்தது. மழை நாளில் மெத்தை வெளியே வராது. மூன்று மணிக்குள் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிடுவார்கள். சுவரையும் மரத்தையும் ஒன்பது வருடம் அளந்தவருக்கு, மனிதர்கள் மெத்தை காயப்போடுவார்கள் என்பது மட்டும் தோன்றவில்லை.

"அக்கா! அடுத்தது அவன்தான்!" என்று வடக்குப் பக்கத்திலிருந்து கினுயோவின் குரல் கேட்டது.

மெத்தைக் கவ்விகளை அவிழ்க்க நேரமில்லை. மிட்சுயோ குனிந்து அதன் அடியில் புகுந்து, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். "வந்துச்சு! வந்துச்சு!" என்று கீழே அலறல்.

அலறல் கேட்டு ஓடி வந்தவர் சகாரா அம்மாள். "என் மெத்தையை என்ன பண்றே?"

"நாலு நிமிஷம்மா. கினுயோவோட பையன் வளையத்துக்குள்ள இறங்கறான். இதைக் கீழே விட்டா அவ ஒண்ணும் பாக்க முடியாது."

அந்த அம்மாள் டிஷ்ஷைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார், அதைத் தாங்கி நிற்கும் மிட்சுயோவைப் பார்த்தார். பிறகு கிமோனோவின் கையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு மெத்தையின் மறுமுனையைப் பிடித்தார். "ஒசத்திப் பிடி. உன் பக்கம் தொங்குது."

இரண்டு பேரும் வெயிலில் மூச்சுவாங்க நின்றார்கள். கீழே பெட்டியில் கூட்டத்தின் கூச்சல் எழுந்து அடங்கியது. பிறகு ஒரு பெருமூச்சு.

"என்னாச்சு? ஜெயிச்சானா?" என்று கத்தினார் விடுதிக்காரி.

"தோத்துட்டான்மா!" என்றது ஜன்னல். "ஆனா தாக்குப் பிடிச்சு நின்னான்! உடம்பு பெருத்திருக்கான்!"

"அடுத்தது எப்போ?"

"நாளன்னைக்கும்மா!"

சகாரா அம்மாள் மெத்தையைக் கீழே விட்டு மிட்சுயோவைப் பார்த்தார். "நாளன்னைக்கும் நான் இங்க வந்து நிக்க முடியாது. இந்தச் சட்டியை மெத்தைக்கு மேல தூக்கு. தோட்டத்திலேருந்து தெரிஞ்சாத் தெரியட்டும்."

மறுநாளே மிட்சுயோ நீளமான கம்பம் கொண்டுவந்து டிஷ்ஷை ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றினார். செய்த வேலைக்குக் கூலி வாங்கவில்லை. "அது என் தப்பு" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவர் நோட்டில் சிவப்புக்குப் பக்கத்தில் நீலக் குறியும் வந்தது. எந்த வீட்டில் எங்கே மெத்தை உலர்த்துகிறார்கள் என்பதற்கான குறி அது. பேட்டையில் சிலர் சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவர் வைத்த டிஷ் எதுவும் வெயில் நாளில் ஏமாற்றியதில்லை.

யோஷிடோ அந்தப் போட்டியை நாலு வெற்றி, மூன்று தோல்வியோடு முடித்தான். ஐந்தாவதையும் ஆறாவதையும் ஏழாவதையும் கினுயோ ஒரு புள்ளி குறையாமல் பார்த்தார்.

அடுத்த கோடையில் அவன் ஊருக்கு வந்தான். துணி துவைக்கும் இயந்திரத்தை முதுகில் கட்டிக்கொண்டு மிட்சுயோ படியேறுவதையும், பின்னால் சதாவோ "மெல்ல, மெல்ல" என்று திட்டிக்கொண்டே வருவதையும் மேலேயிருந்து பார்த்தான்.

"விடுங்க அத்தை" என்று இறங்கி வந்தவன், கயிற்றை அவிழ்த்து இயந்திரத்தைத் தலையணைபோல் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

சதாவோ வாயைப் பிளந்தார். "மிட்சு, இவனை நாம தத்தெடுத்துக்கலாமா?"

"முதல்ல அவன் அம்மாகிட்ட கேளுங்க" என்றார் மிட்சுயோ, வெறும் முதுகோடு படியேறியபடி.