நான்காவது பாட்டும் ஓர் அபாயாக் கையும்

என் மனைவியின் தம்பி எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்து இரண்டு வருடமாக ஒரு அல்பம் செய்தான். எங்கள் வீடு என்பது வாய்ப்பழக்கம். அது மனைவிக்கு அவள் வாப்பா சீதனமாகக் கொடுத்த வீடு, நான் வந்து சேர்ந்தவன். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருடம் எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. பிறகு தம்புள்ளையில் மரக்கறி லொறி, இறக்காமத்தில் வயல்காவல், கட்டாரில் கட்டட வேலை என்று எங்கும் நிலைத்திருக்கவில்லை. அதிக காலம் தங்கியது இந்த வீட்டில்தான். இப்போது சூன் பாண் ஆட்டோ ஓட்டுகிறேன். காலையும் பின்னேரமும் கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை என்று ஒழுங்கை ஒழுங்கையாகப் பாட்டை ஒலிக்கவிட்டுப் பேக்கரியில் சுட்ட பாண் விற்பது.

அல்பத்தில் எட்டுப் பாட்டு. கையால் தொட்டு வாசித்த வாத்தியம் ஒன்றும் இல்லை. எல்லாம் லெப்டொப்புக்குள் செய்த தாளம். நடுவில் அவனுடைய குரலே இயந்திரம் பேசுவது போல மாறி வரும். ஆடுகிற இசை என்றான். இந்த ஊரில் யார், எங்கே ஆடுவது என்று கேட்டேன்.

"ஆள் ஆடாட்டியும் கால் ஆடும் மச்சான்" என்றான். நானும் அவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன்.

அவனுக்குக் கட்டார் விசா வந்திருந்தது. மெடிக்கலும் முடிந்துவிட்டது. போவதா இல்லையா என்ற பேச்சே இல்லை, போகத்தான் வேண்டும். ஆனால் அல்பத்தை இணையத்தில் ஏற்றிய அன்று என்னிடம் ஒன்று சொன்னான். நாலு பேராவது உண்மையாகக் கேட்டார்கள் என்று தெரிந்தால் அது அங்கேயே கிடக்கட்டும். இல்லாவிட்டால் போவதற்கு முதல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, லெப்டொப்பையும் வாங்கக் கேட்டிருக்கும் கடைக்காரருக்குக் கொடுத்துவிடுவான். அதற்குப் பிறகு இந்த வேலையே வேண்டாம்.

மூன்றாம் கிழமை கொழும்பில் இருந்து ஒருவர் இணையப் பக்கமொன்றில் விமர்சனம் எழுதினார். மச்சான் போனை என் கையில் தந்து சத்தமாக வாசிக்கச் சொன்னான். நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். உழைப்பு தெரிகிறது என்று தொடங்கியிருந்தது. நான்காவது பாடல் தேவைக்கு மேல் நீள்கிறது என்று இருந்தது. அதற்குக் கீழே, இந்த இசை எந்த ஊரிலும் செய்யப்பட்டிருக்கலாம், இதில் ஊரே இல்லை என்று ஒரு வரி. அதை மட்டும் கண்ணால் பார்த்துத் தாண்டி அடுத்ததை வாசித்தேன்.

"ஒரு வரிய உட்டுட்டீங்க மச்சான்" என்றான். முதலே வாசித்திருக்கிறான். இன்னொருவர் வாயால் கேட்டால் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறான் போல.

அந்த வரி ஏன் குற்றம் என்று எனக்கு இன்றுவரை சரியாக விளங்கவில்லை. கட்டாரில் ஓர் அறையில் எட்டுப் பேர் படுத்தோம். நேபாளத்தான் ஒருவன் போனில் போடும் பாட்டு எந்த ஊர், என்ன மொழி என்று ஒருவரும் கேட்டதில்லை. வேலைவிட்டு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அது ஒலித்தால் போதும். ஆனால் இதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதியவர் படித்தவர், நான் பாண்காரன்.

பிறகு நான் செய்ததை யாரும் செய்யச் சொல்லவில்லை. ஆட்டோ ஸ்பீக்கரில் இருந்து பாண் பாட்டுப் பெட்டியைக் கழற்றி, அல்பம் இருந்த பென்டிரைவைக் குத்தினேன். ஊர் கேட்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஊர் கேட்டது, ஆனால் வெளியே வரவில்லை. பாண் பாட்டு என்றால் கேட்டில் ஆள் நிற்கும், கையில் தட்டு இருக்கும். இந்தத் தாளத்தைக் கேட்டு யாருக்குப் பாண் ஞாபகம் வரும்? மருதமுனையில் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, புதுச் சிம் சும்மா கொடுக்கிறீர்களா என்றார். இல்லை, பாண் என்றதும் கோபித்துக்கொண்டு போனார். பாண்டிருப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மதில் மேலால் எட்டிப் பார்த்து, தேர்தல் வந்துவிட்டதா என்று விசாரித்தார். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரம் நிறுத்தினேன். அந்த அமைதியில்தான் இரண்டு பேர் வந்து பணிஸ் வாங்கினார்கள்.

பாதிப் பாண் திரும்பி வந்தது. பேக்கரி முதலாளி ஆட்டோவின் பாண் றாக்கையைத் திறந்து பார்த்துவிட்டு, "பாண் விக்கப் போனியா, மாப்பிள்ள ஊர்வலம் போனியா?" என்று கேட்டார். மறுநாள் பழைய பெட்டியையே மாட்டினேன்.

ஆனால் முதல்நாள் மருதமுனையில் பாட்டுக்காகவே வெளியே வந்த ஒரேயொரு பெண் இருந்தார். கல்முனைக் கடைகளுக்கு வீட்டில் இருந்து, பெண்கள் மேலே உடுக்கும் அபாயா தைத்துக் கொடுக்கிறவர். என் வாடிக்கை, நாற்பது வயதிருக்கும். பாண் கேட்கவில்லை. நான்காவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதைப் போனுக்கு அனுப்பச் சொன்னார். எட்டையும் அனுப்பினேன். ஒரு கிழமை கழித்து, பாணை எடுத்துக்கொண்டும் போகாமல் நின்றார்.

"தம்பி, அந்த நாலாவது பாட்டப் போட்டா அபாயாட ஒரு கை தைச்சி முடியிது. பாட்டுத்தான் முடியிதில்ல. தைச்ச கைய மடியில வெச்சிக்கிட்டு சும்மா இரிக்கன்."

மற்றக் கையைத் தொடங்கலாமே என்றேன்.

"தொடங்கினா நடுவுல பாட்டு நிண்டிரும். தையல் கோணும்."

மற்றப் பாட்டுகளைப் பற்றியும் கேட்டேன். முதல் இரண்டும் வெட்டும் வேலைக்குச் சரி, தைக்க உதவாது. எட்டாவது தலையிடி, போட வேண்டாம். யார் செய்தது என்று கேட்டார். சொன்னேன். "அவன்ட வாப்பாக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனார்.

அன்று பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்தபோது மச்சான் லெப்டொப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அதன் பழைய பெட்டி. கடைக்காரர் பின்னேரம் வருகிறாராம். அழிக்கும் வேலை மட்டும் பாக்கி. நான் அந்தப் பெண் சொன்னதைச் சொன்னேன். தலையிடியையும் விடாமல் சொன்னேன். ஒருமுறை ஒரு வரியைத் தாண்டிப் பிடிபட்டவன், இன்னொருமுறை தாண்ட முடியாது.

தைக்கிற பொம்பிளைக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் துடைப்பதை நிறுத்தினான்.

"கை முடியிற நேரம் பாட்டு எந்த இடத்துல நிக்கிதாம்?"

எனக்குத் தெரியாது. கொழும்புக்காரரும் பாட்டு நீளம் என்றுதான் எழுதினார். அதை வாசித்தபோது இவன் முகம் சுருங்கியது. இந்தப் பெண் சொன்னதும் அதேதான். ஆனால் இவர் எவ்வளவு நீளம் என்று ஓர் அளவைத் தந்திருந்தார், அளவைக் கேட்டால் இவனுக்குக் கை சும்மா இருக்காது. இது எனக்குப் பிறகுதான் யோசிக்க வந்தது. அப்போது, கேட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பின்னேரச் சுற்றில் அவர் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தினேன். விசயத்தைச் சொன்னதும் சிரித்தார், ஆனால் மறுக்கவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் பாட்டைப் போட்டுவிட்டுத் தைத்தார். நான் இந்தப் பக்கம் போனில் நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பாண் றாக்கைக்குள் வேர்த்துக்கொண்டிருந்தது. "முடிஞ்சி" என்று குரல் வந்தபோது மூன்றே முக்கால் நிமிடம். பாட்டு இன்னும் ஒன்றரை நிமிடம் ஓடியது. இருவரும் அது முடியும்வரை கேட்டோம். உண்மையில் நீளம்தான்.

நேரத்தை மச்சானுக்கு அனுப்பினேன். கடைக்காரர் வந்தாரா என்றும் கேட்டிருந்தேன். நான் அடுத்த ஒழுங்கைக்குத் திரும்பும்போது அவனுடைய குரல் போனில் வந்தது, பின்னால் நான்காவது பாட்டின் நடுத்துண்டு, வெட்டித் திருத்துகிற மாதிரி, நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தது.

"மச்சான், அவங்கட மெசின் மிதிக்கிறதா, மோட்டரா?"

மெசினை நான் பார்க்கவில்லை. ஆட்டோவை அவர் வீட்டுப் பக்கம் திருப்பினேன்.