ஏரிக்குள் இருந்த கிணறு

சிங்காநல்லூரில் என் பம்பு ரிப்பேர் பட்டறைக்குள் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஒரு பலகை தெரியும். அதன் மேல் ஒரு பழைய இம்பெல்லர் இருக்கிறது. பம்பின் வயிற்றுக்குள் சுழன்று தண்ணீரை இழுத்துத் தள்ளுகிற சக்கரம் அது. கன்மெட்டல் என்கிற நல்ல வெண்கலத்தில் வார்த்தது, கையில் எடுத்தால் கனம் தெரியும். எந்தப் பம்புக்கும் நான் அதை மாட்டுவதில்லை, பழைய இரும்புக்காரருக்கும் போடுவதில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, இது எதுக்குங்க சும்மா கெடக்குது?" என்று கேட்பார்கள். சாமிப்படம் மாதிரி இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவைப்பேன். உண்மையில் அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும். எரியட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன். அது என் மச்சான் எனக்குச் செய்ததற்கு அடையாளம். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. அப்போது மச்சான் பீளமேட்டில் ஒரு மில்லில் வேலையாக இருந்தார். மறுவீட்டு விருந்துக்குப் போயிருந்தபோது, இலை எடுத்த கையோடு என்னை வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போய், சுவரோரம் சாத்தியிருந்த மூங்கில் குச்சிகளைக் காட்டி, "மாப்ளைக்குத் தூண்டில் பழக்கமுண்டுங்களா?" என்று கேட்டார். கல்யாணத்தில் எனக்கு மோதிரம் போட்டபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. கூடப் பிறந்த ஆண்கள் யாருமில்லாமல் வளர்ந்தவன் நான். அன்றைக்கு எனக்கு ஒரு அண்ணன் கிடைத்துவிட்டதாகவே நினைத்தேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் என் மொபெட்டும் நாங்கள் இரண்டு பேரும்தான். நான் ஓட்டுவேன். அவர் பின்னால் உட்கார்ந்து, தேர்தல் ஊர்வலத்தில் கொடி பிடிப்பது மாதிரி தூண்டில் குச்சிகளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வருவார்.

நாங்கள் பெரிய மீன்பிடி வீரர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சிங்காநல்லூர்க் குளத்தில் ஜிலேபிக் கெண்டை தாராளமாக மாட்டும், ஆனால் அதில் வந்து கலக்கும் சாக்கடை வாசனை குழம்பு வரைக்கும் கூடவே வரும். நொய்யல் தடுப்பணையில் மழைக்குப் பிறகு ஒரு தடவை கை நிறையக் கெளுத்தி கிடைத்தது. அந்த ஆசையில் அடுத்தடுத்துப் போன வாரங்களில் ஒரு கிழிந்த புடவையும் ஓர் ஆமையும் கிடைத்தன. ஆமையை மச்சான் கும்பிட்டு விட்டுவிட்டார். மேட்டுப்பாளையம் பக்கம் பவானி ஆற்றில் வேகம் தாங்காமல் தக்கையும் முள்ளும் போய், கடைசியில் மச்சானின் செருப்பில் ஒன்றும் போனது. வெறுங்கையோடு வீடு திரும்பினால் என் மனைவி வாசலிலேயே நிற்பாள். "மீன் புடிக்கப் போனீங்களா, மீனுக்குச் சோறு போடப் போனீங்களா?" என்பாள். மச்சான் அசராமல், "அதுகளும் உசுருதானே அம்மணி, பசிக்குமல்ல" என்று சொல்லிவிட்டு, ரசமும் முட்டையும் போதுமென்று உட்கார்ந்துவிடுவார்.

அவரிடம் எனக்குப் பிடித்தது அந்த நிதானம்தான். அடுத்தவன் மாவு உருண்டை போட்டு மீனைப் பழக்கிவைத்த இடத்தில் தன் தூண்டிலை வீசமாட்டார். என் தக்கை முங்கினால் தன்னுடையதைப் போட்டுவிட்டு எழுந்து, "இழுங்க மாப்ளே, இழுங்க" என்று எனக்காகக் குதிப்பார். விரால் மீன் குஞ்சு பொரித்திருக்கும்போது அந்தக் குஞ்சுகள் சிவப்புக் கூட்டமாக நீர்மட்டத்துக்கு வந்து போகும், தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே முள்ளைப் போட்டால் பெரிய மீன் கோபத்தில் பாய்ந்து வந்து கவ்வும். விரால் பிடிக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது, ஊரில் பலர் செய்வதும் அதுதான். மச்சான் செய்யமாட்டார், என்னையும் செய்ய விடமாட்டார். "ஆயியையும் அப்பனையும் தூக்கிப்போட்டா அதுக என்னங்க பண்ணும்? சுத்துங்க மாப்ளே தூண்டில் நரம்ப" என்பார். இப்படிப்பட்ட ஒரு மனிதரிடம் எதைக் கொடுத்துவைத்தாலும் பத்திரமாக இருக்கும் என்று நான் நம்பினேன்.

நான் கொடுத்துவைத்தது ஒரு கிணற்றை. எங்கள் ஊர் அன்னூருக்குப் பக்கம். அங்கே ஒரு ஏரி இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன் பல வருடங்கள் மழையில்லாமல் அது காய்ந்து கிடந்தபோது, நிலமில்லாதவர்கள் ஏரிக்குள்ளேயே உழுது சோளம் விதைத்திருக்கிறார்கள். எங்கள் அப்பாவும் அதில் ஒருவர். மற்றவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் அம்மாவோடு சேர்ந்து ஒரு கிணறு வெட்டி, உள்ளே கல்லும் கட்டினார். கல் கட்டி முடித்த கொஞ்ச நாளிலேயே பெருமழை பெய்து ஏரி நிரம்பிவிட்டது. சோளமும் கிணறும் தண்ணீருக்கடியில் போயின. அப்பா அதற்குப் பிறகு கூலிக்குத்தான் போனார். சாயங்காலங்களில் கரையில் நின்று, மதகுக் கல்லையும் எதிர்க்கரை ஆலமரத்தையும் ஒரு கோடாக வைத்து, "அந்தக் கோட்டுல பாதித் தூரம், அங்கதான் நம்ம கெணறு" என்று எனக்குக் காட்டுவார். அங்கே ஒரு கிணறு இருந்தது ஊர்ப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருந்தது, எந்த இடமென்று யாருக்கும் தெரியாது. ஏரி எவ்வளவு வற்றினாலும் மீன்கள் எல்லாம் கடைசியில் அந்தக் கிணற்றுக்குள்தான் போய் ஒதுங்கும். மழை வந்து ஏரி நிரம்பும்போது அங்கிருந்துதான் மறுபடியும் பெருகும். அப்பா எங்களுக்கு விட்டுப்போன சொத்து என்றால் இந்த ஒரு விஷயம்தான். பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது. எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

மச்சானின் மில் மூடப்பட்ட வருடம் அவர் ரொம்பவும் ஒடிந்துபோனார். தூண்டில் போட்டுவிட்டுத் தக்கையைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனசு கேட்காமல், அன்னூர் ஏரிக்குக் கூட்டிப்போய் அந்தக் கோட்டைக் காட்டிவிட்டேன். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துபோய்க் கிணற்று விளிம்பைக் காலால் தொட்டுக் காட்டினேன். அன்றைக்கு அவருக்கு மாட்டிய விரால் முழங்கை நீளம். வெகு நாளைக்குப் பிறகு அவர் சிரித்தார். எங்கள் அப்பா கதையைச் சொன்னதும் கண் கலங்கி, ஏரித் தண்ணீரைக் கையில் அள்ளி, "இது நம்ம ரெண்டு பேர்த்தத் தாண்டிப் போகாதுங்க மாப்ளே" என்றார். நான் கேட்காமலே செய்த சத்தியம் அது.

அடுத்து வந்த கோடை மோசமான கோடை. ஏரி வற்றி, நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சியது. பார்ப்பவர்களுக்கு முழங்கால் ஆழக் குட்டை. அதன் நடுவில் ஓர் ஆள் ஆழத்துக்கும் அதிகமாக அப்பாவின் கிணறு இறங்குவது எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஏரியில் மீன்பிடிக் குத்தகை எடுத்திருந்தவர் வெளியூர்க்காரர், நஷ்டமென்று வலையைச் சுருட்டிவிட்டிருந்தார். இடையில் பெய்த ஒரு கோடை மழைக்கு விரால் குஞ்சு பொரித்திருந்தது. மச்சானும் நானும் கரையில் நின்று அந்தச் சிவப்புக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, தூண்டிலைப் பிரிக்காமலே திரும்பினோம். அப்படித் திரும்பியதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அதே வாரம் மச்சான் பட்டறைக்கு வந்தார். தன் மாமனார் தோட்டத்துக் கிணற்றில் தூர் எடுக்க வேண்டும், ஆயில் எஞ்சினும் பம்பும் வேண்டும் என்றார். வாடகைக்கு விடுகிற பம்பு ஒன்று என்னிடம் இருந்தது. மச்சானுக்கு ஏனோதானோ என்று கொடுக்க மனம் வரவில்லை. பிரித்து, பழைய இம்பெல்லரைக் கழற்றிவிட்டு, வேறொருவருக்காக வாங்கிவைத்திருந்த புது கன்மெட்டல் இம்பெல்லரைப் போட்டேன். தண்ணீர் கசியாமல் அடைக்கிற கயிற்றை மாற்றி, ஓடவிட்டுப் பார்த்து, நானே வண்டியில் ஏற்றிவிட்டேன். போகும்போது, "இந்த ஞாயித்துக்கெழம தூண்டில் வேண்டாமுங்க. தங்கச்சியக் கூட்டிக்கிட்டு ஒரு கோயலுக்குப் போய்ட்டு வாங்க, அதும் பாவம் ஊட்டுக்குள்ளயே கெடக்குது" என்றார். எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். மச்சான் பேரிலும் ஓர் அர்ச்சனை செய்தாள் அவர் தங்கை.

திரும்பி வந்தால், பக்கத்து வீட்டில் எங்களுக்காக ஒரு கூடை. ஈரச் சாக்கு போட்டு மூடிய விரால் மீன்கள், ஒவ்வொன்றும் என் கைத் தடிமன். அண்ணன் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். யாரோ சிநேகிதர் கொடுத்திருப்பார் என்று நாங்களே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டோம். அரைத்துவிட்ட குழம்பும் வறுவலுமாக அன்றைக்கு நான் சாப்பிட்டதுபோல் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை. விரலை நக்கிக்கொண்டு, "உங்கண்ணன் உங்கண்ணன்தான்" என்று பாராட்டினேன். அந்த வார்த்தை இன்றைக்கும் என் வாயில் கசக்கிறது.

இரண்டு நாள் கழித்து, தெரியாத ஓர் ஆள் பம்பைக் கொண்டுவந்து இறக்கினார். தண்ணீர் சரியாக இழுக்கவில்லை, சீக்கிரம் பார்த்துக் கொடுக்கச் சொன்னார்கள், இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்றார். மூடியைக் கழற்றியதுமே நாற்றம் அடித்தது. இம்பெல்லரின் இடுக்குகளில் சேறு அடைத்திருந்தது. விரலை விட்டு நோண்டினால், சேற்றோடு சேர்ந்து சின்னச் சின்ன மீன்குஞ்சுகள் வந்தன. குழாய் வாயில் இருக்கும் சல்லடை பெரிய மீனைத் தடுக்கும், இவற்றைத் தடுக்காது. கூழாகிப்போயிருந்தாலும் சிலவற்றில் அந்தச் சிவப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்துக் கிணற்றில் விரால் குஞ்சு எங்கிருந்து வரும்? அந்த நிறத்தைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கையைக்கூடக் கழுவாமல் மொபெட்டை எடுத்தேன்.

அன்னூர் ஏரியில் நான் பிறந்ததிலிருந்து பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். அப்பா கட்டிய கல். பச்சைப் பாசியும் சேறுமாக, இறங்குவதற்கு அவர் வைத்த படிகளோடு, கிணறு பாதிவரை வாயைப் பிளந்து கிடந்தது. உள்ளே நான்கைந்து ஆட்கள் சேற்றைக் கலக்கி, அதில் புதைந்த மீன்களைக் கையால் பிடித்து மேலே எறிந்துகொண்டிருந்தார்கள். விளிம்பில் வேட்டியை மடித்துக் கட்டி நின்றவர் மச்சான். பக்கத்தில் குத்தகைக்காரர். மொபெட் சத்தம் கேட்ட மச்சான், என் முகத்தைப் பார்க்காமலே, "பம்பு ரெடியாயிருச்சுங்களா?" என்று கேட்டார். அப்புறம்தான் திரும்பினார்.

குத்தகைக்காரருக்கு இடத்தைக் காட்டி, அவரோடு பங்குக்குச் சேர்ந்திருக்கிறார். மறைக்கவில்லை, கூச்சப்படவும் இல்லை. "ஏரி கவுருமெண்டு ஏரிங்க மாப்ளே. உங்கப்பாரு வெட்டுனாருன்னா அது உங்க கெணறாயிருமுங்களா? மில்லு போனதுலிருந்து நாலு பேர்த்துக்கு நா சோறு போடோணும். உங்களுக்கும் ஒரு கூடை அனுப்பிச்சனல்லோ?" என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கூட்டமாகப் போய்க்கொண்டிருந்த அந்தக் குஞ்சுகளைப் பற்றிக் கேட்கத்தான் நினைத்தேன். கடைசியில் என் வாயில் வந்தது ஒரே கேள்விதான். "கோயமுத்தூர்ல பம்பு வேற ஆருகிட்டயும் கெடைக்கலீங்களா மச்சான்?"

அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "உங்க வேலையாட்டம் வருமுங்களா மாப்ளே" என்றார்.

நான் இம்பெல்லரைத் திரும்ப மாட்டிக் கொடுக்கவில்லை. அதனால் எதுவும் நின்றுவிடவில்லை, மறுநாளே வேறு பம்பு வைத்து மிச்சத்தையும் இறைத்துவிட்டார்கள். இடத்தைக் காட்டிக்கொடுத்தது, வயிற்றுப்பாடு என்று எப்போதாவது எனக்கு ஆறிப்போயிருக்கும். என் கையாலேயே பம்பைச் சரிசெய்ய வைத்து, என்னைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, அந்த மீனை என் தட்டிலேயே வைத்தாரே, அது ஆறவே இல்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "எனக்கு அவுரு ஒருத்தருதானுங்களே அண்ணன்" என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்? எங்கள் மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி வேண்டியிருந்தது. மச்சான் சீர்த்தட்டோடு வந்து உட்கார்ந்தார். அந்தப் போட்டோவில் நான் அவருக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு ஏரி பல தடவை நிரம்பியது. குத்தகைக்காரர்கள் வாங்கி விடுகிற மீன்தான் அதில் வளர்கிறது. சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தை நான் அங்கே மறுபடி பார்க்கவில்லை. தூண்டிலையும் தொடவில்லை.

போன மாதம் மச்சான் பட்டறைக்கு வந்திருந்தார். வயதாகிவிட்டது, கண்ணும் மங்கல். ஸ்டூலில் உட்கார்ந்து அங்கேயும் இங்கேயும் பார்த்தவர், "ஒரு ஞாயித்துக்கெழம தூண்டிலுக்குப் போலாமுங்களா மாப்ளே, பழையபடி?" என்றார். முழங்கால் வலி என்று சொல்லிவைத்தேன். பேச்சை வேறு பக்கம் திருப்பலாம் என்று பார்த்தால், அவரே எழுந்துபோய்ப் பலகையில் இருந்த இம்பெல்லரைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், இடுக்குகளில் விரலை விட்டுத் தடவினார். இத்தனை வருடம் நான் காத்திருந்தது அந்த நிமிஷத்துக்குத்தான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லுவார், வேண்டாம், ஒரு நிமிஷம் தலையையாவது குனிவார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அருமையான சாமானுங்க. இதப் போட்ட பம்பு நல்லா இழுத்திருக்குமுங்களே?" என்றார்.

"இழுத்துச்சுங்க மச்சான். குஞ்சு குருமான் வரைக்கும் இழுத்துச்சு."

அவர் சிரித்துக்கொண்டே அதை என் கையில் கொடுத்தார். "இருக்காதுங்களா பின்னே. உங்க வேலையாட்டம் வருமுங்களா மாப்ளே."

வாங்கித் துடைத்து, பலகையில் அது இருந்த இடத்திலேயே வைத்தேன்.