இரண்டு துவக்குகள், ஒரு மணிக்கட்டு

பென்டில் ஹில்லில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் கிரகாம், சனிக்கிழமைக் காலைகளில் தன் கராஜுக்குள் இருந்து தேநீர் குடித்தபடி துவக்குத் துடைப்பார். நான் குடியேறிய இந்த நாட்டில் அதுவும் புல் வெட்டுவதுபோல ஒரு வீட்டுவேலை. முதன்முறை அவர் துப்பாக்கி வைக்கும் இரும்புப் பெட்டியைத் திறந்தபோது, என் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய் டிரைவிங் லைசென்ஸை எடுத்து நீட்டிவிட்டது. "பார்க்கிறதுக்கெல்லாம் லைசென்ஸ் தேவையில்லை, மேட்!" என்று சிரித்தார். நான் விளக்கவில்லை. துவக்கைக் கண்டால் அடையாள அட்டையை நீட்டுவது எங்கள் ஊரில் இளவயதிலேயே கைக்குப் படிந்த பழக்கம்.

இந்த மார்ச்சில் அவர் பிளாக்டவுனில் இருக்கும் மகளோடு போய்ச் சேர ஏற்பாடாகியது. மகள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: துவக்கு ஒன்றுதான் வரலாம். அவரிடமோ இரண்டு. ஒன்று அவர் தானே தேடி வாங்கிய மவுசர். மற்றது தகப்பன் விட்டுப்போன லீ என்ஃபீல்ட், எங்கள் ஊரார் 'த்ரீ நொட் த்ரீ' என்றது. இரண்டும் ஒவ்வொரு வெடிக்கும் போல்ட் என்ற இரும்புத் தண்டைக் கையால் தூக்கி, இழுத்து, தள்ளிப் பூட்ட வேண்டியவை. மழை பெய்த நாளிலிருந்து ரயில் பிந்திய நிமிடம்வரை நான் சி.ஆர். கொப்பியில் எழுதி வைப்பவன் என்று அவருக்குத் தெரியும். "எது நல்லதெண்டு நீ எழுதிப் பார். எனக்கு ரெண்டிலயும் ஆசை, என்ர தீர்ப்புச் சரிவராது," என்றார்.

மூன்று சனிக்கிழமைகள், திகதியும் நேரமும் இட்டு எழுதினேன். மவுசரின் போல்ட்டில் உள்ள அகன்ற நகம் தோட்டாவை முதலிலேயே கவ்விக்கொள்ளும், நழுவ விடாது. லீ என்ஃபீல்டில் பத்துத் தோட்டா, மவுசரில் ஐந்து. மவுசரின் விசைச் சுருள் போல்ட்டைத் தூக்கும்போதே இறுகிவிடும். லீ என்ஃபீல்டில் தள்ளி மூடும்போதுதான் இறுகும். இந்தக் கடைசி வரிக்குப் பக்கத்தில் 'குறை' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

அந்த இறுக்கத்தின் சத்தம் எனக்குப் பழையது. இருபது வயதில், வவுனியாப் பக்கத்து பஸ் தரிப்பில், என் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பொலிஸ்காரர் தன் த்ரீ நொட் த்ரீயின் போல்ட்டை இழுத்து இழுத்து மூடினார். சுடுவதற்கல்ல, பொழுதுபோக்குக்கு. ஒவ்வொரு முறை மூடும்போதும் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அட்டையைத் தந்து, போகச் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது.

கொப்பியைப் படித்த என் மனைவி கேட்டாள்: "அந்த மனுசன் மவுசரைத் தூக்கேக்க கை நோகுதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? அது எங்கை?"

"விட்டுப்போச்சு."

"உங்களுக்கோ? ரயில் ரெண்டு நிமிசம் பிந்தினாலும் எழுதுற ஆள்! உங்கட பயத்தைக் கொண்டுபோய் அவற்ற தலையில கட்டாதையுங்கோ."

ஓம், விட்டுப்போகவில்லை. மவுசரின் போல்ட்டைத் தூக்குகையில் கிரகாமின் வீங்கிய மணிக்கட்டு துடித்ததை மூன்று சனிக்கிழமையும் பார்த்தேன். லீ என்ஃபீல்டை அவர் லேசாகத் தூக்கி உள்ளங்கையால் தள்ளி மூடியதையும் பார்த்தேன். நான் குறை என்று எழுதியதுதான் அவருக்கு வசதி. என் பிழையால், அவர் தூக்க முடியாத துவக்கோடு போயிருப்பார்.

மறுநாளே, விட்ட வரியை எழுதிக்கொண்டு போய் வாசித்துக் காட்டினேன். கிரகாம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எப்ப எழுதுவாய் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான். கை ஏலாது எண்டு நானே சொல்ல வெட்கம், மேட்." பிறகு, "அப்ப, அப்பாட துவக்குத்தான்," என்றார்.

மவுசரை வாங்குபவர் வெள்ளிக்கிழமை வந்து எடுத்துப் போனார். சனிக்கிழமை கிரகாம் தோட்டா இல்லாத லீ என்ஃபீல்டைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு, "நீ இதைத் தொட்டதே இல்லையே. ஒருக்கா மூடிப் பார்," என்றார். உள்ளங்கையால் தள்ளினேன். இறுகியது, அதே சத்தம். எண்ணெய் மணத்தது, கிரகாம் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்தது. வலது கை போல்ட்டில் இருந்தது. இடது கை எப்போது போனதென்று தெரியவில்லை, சட்டைப்பையில் லைசென்ஸைப் பொத்திப் பிடித்திருந்தது.