வெறுந்திரை வேணி

வீடியோ கேமில் திரையின்மேல் தெரியும் மீட்டர், அம்புக்குறி, வரைபடம், பொத்தான் எல்லாம் வேணியின் பாடு. சமயபுரத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் பதினோரு வருஷம் பூச்சொரிதல் போர்டும் பிறந்தநாள் போர்டும் அடித்துவிட்டு, நாற்பது வயதில் திருச்சி கே.கே. நகர் மாடி ஒன்றில் இருந்த சின்ன கேம் கம்பெனிக்கு வந்தாள். “ஆறு மாசத்துல இங்கதான் வந்து நிப்பீங்க” என்று கடைக்காரர் சிரித்து அனுப்பினார். கம்பெனியும் ஆறு மாசம் பார்த்துத்தான் நிரந்தரம் என்றது. திரும்பிப் போய் அந்தச் சிரிப்பின் முன் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அவளுடைய வைராக்கியம்.

கேம் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கிளம்பி, காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கம் வரை பஸ் ஓட்ட வேண்டும். முதல் மாதம் வேணி எல்லோரையும் போலத் திரையை அடைத்து வைத்தாள். வேகத்துக்கு ஒரு வட்டம், கூட்டத்துக்கு ஒரு பட்டை, நிறுத்தத்துக்கு ஒரு அம்பு. ரோடு தெரிய இடம் இல்லை.

திருவானைக்காவலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், ஒரு நாள் டிரைவரைக் கவனித்தாள். மனிதர் மீட்டர் பக்கம் திரும்பவே இல்லை. பின்னால் கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் நிற்கிறார், இரண்டு அடித்தால் கிளம்புகிறார். “எறக்கம் இருக்கு!” என்று யாராவது கத்தினால் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது. அன்றைக்கே வேணி அம்பை அழித்தாள். வேக வட்டத்தை ஸ்டியரிங்குக்குப் பின்னால் பஸ்ஸுக்குள்ளேயே முள்ளாக வைத்தாள். மற்றதையெல்லாம் விசிலிடமும் ஜனங்களின் வாயிடமும் விட்டாள். கடைசியில் திரையில் ரோடு மட்டும்தான் இருந்தது. அவளுக்கு அத்தனை பெருமையாக இருந்தது.

ஆறாம் மாதம் முதலாளி முருகானந்தம் வந்து பார்த்தார்.

“என்னங்க, ஸ்கிரீன்ல ஒண்ணையுமே காணோம்?”

“எல்லாம் பஸ்ஸுக்குள்ள இருக்கு சார். அந்த முள்ளு...”

“அது வண்டியோட சாமான். வண்டி செஞ்ச அறிவுமதி வேலை.”

“விசிலு?”

“அது சவுண்டு. அழகிரி வேலை. நீங்க என்ன பண்ணீங்க?”

“யாரையாவது விளையாடிப் பாக்கச் சொல்லுங்க சார்” என்றாள் வேணி.

விளையாட உட்கார்ந்தவள் சம்ரீன். துபாயில் வளர்ந்து, போன மாதம்தான் திருச்சிக்கு வந்து கம்பெனியில் சேர்ந்தவள். டவுன் பஸ்ஸில் ஏறியதே இல்லை. பாலம் வரை ஜோராக ஓட்டினாள். மாம்பழச்சாலையில் ஆள் இறங்க நிறுத்தினாள். இரண்டு விசில் கேட்டதும், நின்ற பஸ்ஸின் பிரேக்கை இன்னும் அழுத்திப் பிடித்தாள். மறுபடி இரண்டு விசில். அவள் பிரேக்கை விடவில்லை.

“ஏன்மா கிளம்பல?”

“ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு விசில் அடிக்கிறாங்கன்னு நெனச்சேன் சார்.”

எல்லோரும் சிரித்தார்கள், வேணியைத் தவிர. இந்த ஊர்க் காதை எல்லோருடைய காது என்று நினைத்துவிட்டோமே என்று அவளுக்கு உறைத்தது.

“ஒரு வரி எழுதிப் போடுங்க” என்றார் முருகானந்தம். பத்தே நிமிடத்தில் ஒரு பெட்டி வரைந்து உள்ளே எழுதினாள்: ‘ஒரு விசில்: நிறுத்து. இரண்டு விசில்: கிளம்பு.’ யாரும் சிரிக்காத ஜோக்குக்கு விளக்கம் சொன்னதுபோல் கூச்சமாக இருந்தது. சம்ரீன் அதைப் படித்துவிட்டு ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தாள்.

“இதுதாங்க ஸ்கிரீன் வேலை!” முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் நிரந்தர ஆர்டர் வந்தது. கூடவே ஒரு தாள். யார் என்ன செய்தார்கள் என்று கட்டம் போட்ட பட்டியல். அறிவுமதி பெயருக்கு நேரே முள், அழகிரி பெயருக்கு நேரே விசில். வேணி பெயருக்கு நேரே ‘அறிவிப்புப் பெட்டி, ஒன்று.’

“சார், ஸ்கிரீன்ல இருந்த மத்ததெல்லாம் எடுத்தது நான்தான்னு எங்கயாவது போடலாமா?”

முருகானந்தம் தாளை மேலும் கீழும் நிஜமாகவே தேடிப் பார்த்தார். “எடுத்ததுக்குக் கட்டம் இல்லீங்களே.”

வேணி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.