ரெண்டு கிராம் வெயிட்டு

குரங்கணியிலிருந்து போடிக்கு நடந்தே இறங்கிக்கொண்டிருந்தேன். ஜீப்பு வரும்தான், ஓரிடத்தில் நின்று காத்திருக்க எனக்கு எப்போதுமே ஆவதில்லை. மேலே ஒரு தங்கும் விடுதியில் செடிகளையும் தண்ணீர் மோட்டாரையும் பார்த்துக்கொள்ளும் வேலை. அன்று காலை விடுதிக்காரத் தம்பி ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்துப் புது ரெக்கார்டு பிளேயரை வெளியே எடுத்தான்.

"அண்ணே, நீங்களே மாட்டிருங்க. எதுக்கு வெளியாளு?"

"ஆளக் கூப்புட்டுக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டேன். ஒரு பெட்டிக்காகவா வேலையை விடுவார்கள் என்று கேட்பீர்கள். இதைவிடச் சின்னக் காரணங்களுக்கெல்லாம் விட்டிருக்கிறேன்.

ஒரு வளைவில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் வாசம் வந்து மூக்கில் ஏறியது. போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் கொஞ்ச காலம் இருந்தேன். அவர் வீட்டில் தலையணை, மோர் எல்லாவற்றிலும் அந்த வாசம்தான். அவர் மனைவி செல்வியக்கா சிலமலைக்காரர். அக்காவின் அப்பா அங்கே மைக் செட் வைத்திருந்தவர். மகள் கல்யாணக் கடனுக்காகக் குழாய் ஸ்பீக்கர், பெட்டி, இசைத்தட்டுகள் எல்லாவற்றையும் விற்றவர், கல்யாணத்தன்று போட்ட ஒரு தட்டை மட்டும் மகள் கையில் கொடுத்திருந்தார். முதல் முறையாக மகளின் புது வீட்டுக்கு அவர் வருகிறார்; வந்ததும் அந்தத் தட்டு பாட வேண்டும். அதற்காகவே அக்கா முதலாளியை ஒரு பிளேயர் வாங்க வைத்திருந்தார்.

"மதுரையில இருந்து ஆள வரச் சொல்லுங்க. இருக்கிறது ஒரே தட்டு" என்றார் அக்கா.

"எதுக்கு? இவென் மோட்டாரே கட்டுறவன், இத மாட்ட மாட்டானா?" என்றார் முதலாளி.

எட்டாவதைத் தாண்டாத படிப்பு எனக்கு. கூட வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. படமும் எண்ணும்தான் புரிந்தன. தட்டைச் சுழற்றும் பட்டையை மாட்டினேன். டம்ளரில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்தேன். ஊசி தட்டை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்கு, ஊசியைத் தாங்கும் கையின் பின்னால் ஒரு வளையம் உண்டு. படத்தில் இருந்தபடி இரண்டு கிராமில் நிறுத்தினேன்.

முதலாளிக்கு அங்கேதான் பொறுக்கவில்லை. போடியில் ஏலக்காயின் தரத்துக்கே வெயிட்டு என்றுதான் பெயர். லிட்டர் படியில் காயை நிரப்பி நிறுப்பார்கள். கனம் கூடினால் நல்ல காய், குறைந்தால் பொக்கு.

"ரெண்டு கிராமா? பொக்குக் காயாடா பாடப் போகுது?" என்று வளையத்தைக் கடைசிவரை திருகினார். அதுவும் போதாமல் ஊசித் தலைமேல் ஒரு ரூபாய்க் காசை டேப் போட்டு ஒட்டினார்.

"படத்துல ரெண்டுன்னுதேன் போட்டுருக்கு முதலாளி."

"படம் போட்டவன் ஏலக்கா யாவாரியாடா?"

தட்டை வைத்து ஊசியை இறக்கினார். பாட்டு கேட்டது. "கனம் பேசுது பாத்தியா" என்று பூரித்துப்போனார். மாமனார் முன்னால் தடங்கல் வரக்கூடாதென்று ஒத்திகை மாதிரி மறுபடி மறுபடி போட்டார். ஆசையில்தான் போட்டார், அதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் பாட்டுக்குள் மழை இரைச்சல் கூடிக்கொண்டே போனது. அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பெரியவர் வந்தார். காப்பி குடித்தார். பாட்டு பாதி ஓடுகையில் எழுந்துபோய் ஊசியைத் தூக்கி, காசை நகத்தால் பெயர்த்து மருமகனின் உள்ளங்கையில் வைத்தார்.

"ஊசி தட்டுல மேயணும் மாப்ளே. நீங்க உழுதுட்டீங்க."

அக்காதான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "இரைச்சல் கெடக்குது, மிச்சத்தப் போடுங்கப்பா" என்றார். மழைக்குள் நின்று கேட்பதுபோல நாலு பேரும் கேட்டு முடித்தோம். பிறகு மதுரை ஆள் வந்து எல்லாம் சரியாக வைத்துக் கொடுத்தாராம். உழுதது உழுததுதான். அதற்குள் நான் வேறு ஊரில் இருந்தேன்.

மலையிறங்கிப் போடிக்கு வந்து சேர்ந்தபோது அந்த வீடு இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அக்கா குடும்பம் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டது என்று பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார். "அந்தத் தட்டு?" என்றேன். "என்ன தட்டுண்ணே, சாப்புடுறதா?" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்தேன். காலையில் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலை கிடைத்தது. படியில் காயை நிரப்பி, தராசில் வைத்து, வெயிட்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கூடக்கூட எல்லோருக்கும் சந்தோஷம்.