இஸ்திரி வண்டிச் சாம்பல்

மூன்று பக்கமும் கம்பெனிச் சுவர், நாலாவது பக்கம் கால்வாய். நடுவில் எங்கள் லைன் வீடுகள். பாகலூர் ரோட்டுக்குப் போக ஒரு சிறிய பாலம்தான் வழி. கம்பெனி பஸ் டிரைவர் எங்களைத் "தீவுக்காரங்க" என்பார். வீடுகளுக்குப் பின்னால் கிடந்த காலியிடத்தில் எல்லோரும் சேர்ந்து காய்கறி போடுகிறோம். கம்பெனியில் புல் வெட்டுகிறவன் என்பதால் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார்கள். கடை உரம், மருந்து எதுவும் வேண்டாம் என்று முதல் நாளே பேசி வைத்தோம். பேசினார்கள் என்று சொல்ல வேண்டும். நான் தலையாட்டினேன்.

கடைசி வீட்டு அக்கா கன்னடக்காரர், கேன்டீனில் வேலை. இந்த வருஷம் வேலி முழுக்க அவரைக்கொடி ஏற்றிவிட்டது அவர்தான். பெங்களூரில் இருக்கும் மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். மருந்து படாத அவரைக்காய்தான் வேண்டும் என்று போனில் கேட்டிருந்தாளாம்.

பூ எடுக்கும் நேரத்தில் கொடியின் நுனியெல்லாம் கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. மறுநாள் அக்கா ஒரு மருந்து பாட்டிலோடு வந்து நின்றார்.

"தம்பி, கொஞ்சமா அடிச்சிடு. அவ வர்றதுக்குள்ள வாசனை போயிடும்."

"மருந்து வேணாம்னுதானக்கா பாப்பா கேட்டிச்சு..."

"அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். "காயே இல்லன்னா என்னத்தப் போட்டு ஆக்கறது? உன் மூஞ்சியவா?"

பாட்டிலை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அன்று முழுக்கப் புல் வெட்டினேன்.

அடுப்புச் சாம்பல் தூவினால் அசுவினி அடங்கும் என்று தெரியும். ஆனால் எங்கள் தீவில் எல்லா வீட்டிலும் கேஸ். சாம்பலுக்கு எங்கே போவது? பாலத்தருகே இஸ்திரி வண்டி போட்டுக் கரிப்பெட்டியில் யூனிபாரம் தேய்க்கிறவர் நினைவுக்கு வந்தார். யாரிடமும் ஒன்று கேட்க எனக்கு நாக்கு எழாது. இரண்டு தடவை வண்டியைத் தாண்டிப் போய்த் திரும்பினேன்.

"என்னப்பா, சட்டையக் குடுத்தியா? சும்மா சும்மா சுத்தற?"

"சாம்பல் வேணும்ண்ணா."

"சாம்பலா? சாமியாராப் போறியா? வீட்டுல சொல்லிட்டியா?"

சிரித்துக்கொண்டே ஒரு சிமெண்ட் பை நிறைய அள்ளிக் கொடுத்தார்.

விடியற்காலையில் பனி ஈரத்தோடு இருந்த இலைகளில் தூவினேன். மோசமாய் இருந்த நுனிகளைக் கிள்ளிப் போட்டேன். முதல் ஷிப்டு பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் வேலியைப் பார்த்தார்கள். "அண்ணன் ஒண்டியாக் கிள்ளுறாரு, வாங்கடி" என்று ஒருத்தி துப்பட்டாவை இடுப்பில் கட்டினாள். பஸ் வரும்வரை கிள்ளினார்கள். அதன்பிறகு அது தினமும் நடந்தது. டிரைவர் ஹாரன் அடித்தால், "இருண்ணா, இந்த ஒரு கொடி!"

பாதிக் கொடிதான் பிழைத்தது. ஆனாலும் காய்த்தது.

மகள் வந்த வாரம், அக்கா வீட்டு வாசலில் இருவரும் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒரு கூச்சல்.

"அம்மா, புழு!"

"கத்தாதடி. மருந்து அடிச்சிருந்தா அது இருக்குமா?" என்றார் அக்கா, என்னமோ புழுவையும் அவரே வளர்த்தமாதிரி. பிறகு அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்த என் பக்கம் திரும்பினார். "தம்பி, நில்லு. சாப்பிட்டுட்டுப் போ."

வேலை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் அதற்குள் பாயை விரித்துவிட்டாள். உட்கார்ந்தேன். இத்தனை நாளும் சட்டைப்பையிலேயே கிடந்த திறக்காத பாட்டிலை எடுத்து அக்காவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.