பன்னிரண்டாம் நாள் புகையிலை

பைப்பை நான் ஒரு தடவைகூட வாயில் வைத்ததில்லை. ஆனால் பைப் புகையிலை டின்கள் பத்தொன்பது என் கை வழியாகப் போயிருக்கின்றன. பதினெட்டைச் சரியாக ஆறவிட்டுக் கொடுத்தேன். பதினொன்றாவது டின்னை வேண்டுமென்றே ஆறவிடவில்லை. அதைப் பற்றித்தான் இது.

அறுபதுகளின் நடுவில் கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். குடியிருந்தது மாட்டுங்காவில், பதினான்கடிக்குப் பத்தடி அறை ஒன்றில். அண்ணா, மன்னி, அவர்கள் குழந்தைகள் நான்கு, நான், என் மனைவி, எங்கள் பெண். ஒன்பது பேர். ஆளுக்குப் பதினைந்தரைச் சதுர அடி, பீரோவும் அடுப்பும் அடைத்துக்கொண்டது உட்பட. என் மனைவி புடவை மாற்ற வேண்டுமென்றால் நாங்கள் ஐந்தாறு பேர் மாடிப்படியில் போய் நிற்போம்.

எங்கள் அதிகாரி சீமையில் படித்துவிட்டு வந்த பாலக்காட்டுக்காரர். கப்பலில் வேலை பார்க்கும் அவருடைய நண்பர் ஒருவர் புகையிலை டின் கொண்டுவந்து கொடுப்பார். ஒரு மழைக்காலத்தில் அதிகாரி ஒரு டின்னைத் திறந்து இரண்டு இழுப்பு இழுத்தார். நாக்கு எரிகிறது என்று மூடி, என்னிடம் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டு மதராஸ் போனார். மழைநாளில் பூஞ்சை பிடித்துவிடுமோ என்று எனக்குப் பயம். வீட்டுக்குக் கொண்டுபோனேன். அழுத்தி அடைத்திருந்த புகையிலையைப் பழைய வேட்டித் துண்டில் கொட்டி உதிர்த்தேன். கழுவிக் காயவைத்த கண்ணாடி ஊறுகாய் ஜாடியில் முக்கால் அளவு போட்டேன். தினமும் மாலை பத்து நிமிஷம் மூடியைத் திறந்து வைப்பேன், பிறகு மூடுவேன். முதல் நாள் காடி போல் கண்ணைக் கரித்தது. மூன்றாம் நாள் நனைந்த சாக்கு வாசனை. ஏழாம் நாள் கரிப்புப் போயிற்று. பன்னிரண்டாம் நாள் மூடியைத் திறந்தால் உலர்ந்த திராட்சையை வெல்லப் பாகில் போட்டதுபோல் இருந்தது. எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துவைத்தேன்.

அவர் திரும்பி வந்து இழுத்துப் பார்த்தபோது நாக்கு எரியவில்லை. அந்தத் தாளையும் அவரிடம் காட்டியதுதான் நான் செய்த தவறு. "பன்னண்டு நாளா? இனிமே எல்லா டின்னும் உம்ம கிட்டதான் ஓய்" என்றார். அவர் வீட்டில் வைக்க முடியாது. கடற்கரைக் காற்றின் ஈரம் ஒருபுறம், அந்த வாடை ஆகாத மனைவி ஒருபுறம். எங்கள் வீட்டு மனிதர்களைப் பற்றி அவர் கேட்கவில்லை. மன்னி மட்டும் ஜாடியைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க ஊறுகா ஊறிடுத்தா? ஒரு நாள் தயிர் சாதத்துக்குப் போடுங்களேன், தொட்டுண்டு பார்க்கலாம்" என்பாள்.

பத்தாவது டின் முடிந்த சமயம் ஒரு சுற்றறிக்கை வந்தது. செம்பூர் தொழிற்சாலைக்கு ஒரு குமாஸ்தா வேண்டும். குவார்ட்டர்ஸ் உண்டு. இரண்டு அறை, தனிச் சமையலறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியை அழைத்துப்போய்க் காட்டினேன். நான் ஜன்னல்களை எண்ணினேன், நான்கு. அவள் சமையலறைக் குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். திரும்பி வந்து மாட்டுங்காவில் இறங்கும்போது, "கிடைச்சுடும் இல்லையா?" என்று கேட்டாள்.

மூன்றாம் தேதி விண்ணப்பம் கொடுத்தேன். அதிகாரி கையெழுத்துப் போட்டு முப்பதாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். அவர் வாங்கி மேஜை டிராயரில் போட்டார். பதினைந்தாம் தேதி நினைவூட்டியபோது, "செம்பூரா? நீர் அங்கே போயிட்டா இதை யார் பார்த்துப்பா?" என்று பதினொன்றாவது டின்னை என் கையில் வைத்தார்.

வீட்டில் சொன்னேன். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்.

"இந்தத் தடவை திறக்காதேங்கோ."

"என்னது?"

"பன்னண்டு நாள் கழிச்சு அப்படியே பச்சையாக் கொண்டுபோய்க் குடுங்கோ. நாக்கு எரியட்டும். இவனுக்கு இதுவும் தெரியலேன்னு தோணினா, தானே கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவார்."

திறக்காத டின் பெட்டியின் மேல் பதினொரு நாள் இருந்தது. தினமும் மாலை அந்தப் பத்து நிமிஷத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறாம் தேதி காலை எட்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு மாட்டுங்கா ஸ்டேஷன் பெஞ்சில் அதைத் திறந்து, எப்போதும் கொடுக்கும் ஜாடியில் கொட்டினேன். காடி நெடியில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனார்.

அதிகாரி பைப்பை நிரப்பிப் பற்றவைத்தார். பச்சைப் புகையிலை என்றால் இரண்டு இழுப்புக்கு மேல் தாங்காது. எண்ணினேன். ஏழு. கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுவரைக்கும் குடுத்ததுலே இதுதான் முதல் தரம் ஓய்."

உண்மையைச் சொன்னாலாவது கோபம் வரும் என்று தோன்றியது.

"ஸார், இது ஆறவே இல்லை. இன்னிக்குக் காலம்பற எட்டு அஞ்சுக்குத் திறந்தேன்."

ஜாடியைப் பார்த்தார். பைப்பைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அப்போ நாள் கணக்குலே ஒண்ணுமில்லே. எல்லாம் உம்ம கைதான்."

டிராயரை இழுத்தார். என் விண்ணப்பம் தெரிந்தது, அதில் என் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. அதன்மேல் இருந்த புது டின்னை எடுத்து என் பக்கம் நகர்த்திவிட்டு டிராயரை மூடினார்.

நான் மாடிப்படி ஏறியதும் மனைவி வாசலுக்கு வந்தாள்.

"திட்டினாரா?"

"இல்லே."

"பின்னே?"

பையிலிருந்து டின்னை எடுத்தேன். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மன்னி இரண்டடி தள்ளித்தான் இருந்தாள், அன்று அவள் ஊறுகாயைப் பற்றிக் கேட்கவில்லை.

"இதுக்குப் பன்னண்டாம் நாள் என்னிக்கு?" என்றாள் மனைவி.

"ஏழாம் தேதி."

முப்பதுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அவள் ஜாடியை வாங்கிக் கழுவினாள். ஜன்னலில் கை அகலத்துக்கு வெயில் மிச்சமிருந்தது. அதில் கவிழ்த்து வைத்தாள். செம்பூர் வீடு அடுத்த மேஜைக்காரருக்குப் போயிற்று. அவரை நம்பி அதிகாரி ஒரு தீப்பெட்டிகூடக் கொடுத்ததில்லை. நாங்கள் அந்த அறையில் இன்னும் ஆறு வருஷம் நான்கு மாதம் இருந்தோம்.

அவருக்கு வித்தியாசம் தெரியாது என்று அன்றே தெரிந்துவிட்டது. டின்னை அப்படியே பெட்டியின் மேல் போட்டிருக்கலாம். ஆனால் எனக்கு வித்தியாசம் தெரியும். ஜாடி காய்ந்ததும் வேட்டித் துண்டை விரித்து உதிர்க்க உட்கார்ந்தேன். கண்ணைக் கரித்தது. குழந்தைகள் நகர்ந்து இடம் விட்டன. தாளை எடுத்து, இருபத்தாறு, முதல் நாள், காடி என்று எழுதினேன்.